அத்திப்பட்டுக்கு ஓடிப் போய் வர இரண்டு மணி நேரம்!

சென்னை சென்ட்ரலை ஒட்டியுள்ள மூர்மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் புறப்படுகிறது.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாக நின்று நின்று அத்திப்பட்டு வந்து சேர்கிறது. இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள். அனல் மின்சார நிலையத்துக்குப் போகிறவர்கள். காமராஜர் துறைமுகத்துக்குப் போகிறவர்கள். சுற்றுப்புறத்து ஆலைகளுக்குப் போகிறவர்கள். தோளில் சாப்பாட்டுப் பை. தூரத்தில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும் புகைபோக்கிகள்.

சென்ட்ரலுக்கும் அத்திப்பட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 22 கிலோ மீட்டர். ரயிலுக்கே முக்கால் மணி நேரம் வேண்டும். வழியில் சிக்னல் விழவில்லை என்றால் இன்னும் கூட ஆகும்.

அந்த ரயிலில் ஏறாமல் ஒரு மனிதர் ஓடியே அத்திப்பட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் உட்காரவில்லை. மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு நிமிஷம் நிற்கவும் இல்லை. வந்த காலோடு திரும்பிச் சென்ட்ரலுக்கே ஓடுகிறார்!

இரண்டு கிலோ மீட்டர் முன்னே பின்னே இருந்தாலும், இதுதான் மராத்தான் ஓட்டம். சரியாகச் சொன்னால், 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். பழைய கணக்கில் 26 மைலுக்குச் சற்று அதிகம்.

இதை ஓடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தினமும் பயிற்சி செய்கிற சாதாரண மனிதருக்கு நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஆகும்.

2020-ம் ஆண்டு ஜனவரி மாதம் மும்பையில் ஒரு வாலிபர் இந்தத் தூரத்தை ஓடி முடித்தார். அவருக்கு ஆன நேரம் 2 மணி 8 நிமிஷம் 9 விநாடி!

அவர் காலில் இருந்த பூட்ஸ் கூட அவருடையது அல்ல. அந்தக் கதையைப் பிறகு பார்ப்போம்.

ஒரே சாலையில் இரண்டு பந்தயம்

மும்பை மராத்தான் 2004-ம் ஆண்டு தொடங்கியது. ஆண்டு தோறும் ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடக்கிறது. சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் முன்னால் புறப்பட்டு, கடற்கரைச் சாலை வழியாக, கடல் மேல் கட்டிய பாந்திரா - வொர்லி பாலத்தில் ஏறி இறங்கி, நகரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள்.

பார்க்கிறவர்களுக்கு அது ஒரே பந்தயமாகத் தோன்றும். உண்மையில் அங்கே இரண்டு பந்தயங்கள் நடக்கின்றன.

ஒன்று, ஊர் ஜனங்களின் ஓட்டம். ஆபீஸ் குமாஸ்தாவும் டாக்டரும் தாத்தாவும் பேத்தியும் ஆயிரக்கணக்கில் ஓடுவார்கள். இருட்டோடு புறப்பட்டுவிடுவார்கள். உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் ஓடுகிறார்கள். தர்ம காரியத்துக்குப் பணம் சேர்க்கச் சிலர் ஓடுகிறார்கள். "நானும் ஓடினேன்" என்று சொல்லிக்கொள்ளச் சிலர். ஓடி முடித்தவருக்குக் கழுத்தில் ஒரு பதக்கம் விழும். வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டால், திங்கட்கிழமை வழக்கம் போல் வேலைக்குப் போய்விடலாம்.

மற்றொன்று, முன்னணி வீரர்களின் ஓட்டம். ஒரு சில டஜன் பேர்தான். அவர்களுக்குத் தனி நேரம், தனி வரிசை. எத்தியோப்பியா, கென்யா, எரித்திரியா, உகாண்டா, டான்சானியா தேசங்களிலிருந்து வருகிறவர்கள் அதிகம். நம் நாட்டு வீரர்களுக்கு அதே ஓட்டத்துக்குள் தனிப் போட்டியும் தனிப் பரிசும் உண்டு.

இவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வேலை நாள். ஓட்டமே இவர்கள் பிழைப்பு!

நூறு மீட்டருக்கு 18 விநாடி

இந்த வேகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஆசையா? பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் நூறு மீட்டரை அளந்து, அதைச் சரியாக 18 விநாடியில் ஓடிப் பாருங்கள். திடகாத்திரமான வாலிபருக்கு முடியும். இரண்டாம் தடவையும் முடியலாம். பத்தாவது தடவை நாக்கு வெளியே தள்ளிவிடும்.

மும்பையில் வென்றவர் அதை நடுவில் நிற்காமல் 422 தடவை ஓடியிருக்கிறார்! மணிக்கு ஏறக்குறைய 20 கிலோ மீட்டர் வேகம். சைக்கிளில் சாதாரணமாகப் போகிறவர் அவரோடு சேர்ந்து போவதற்கே சிரமப்பட வேண்டும்.

பாதித் தூரப் பந்தயத்தில் வேகம் இன்னும் அதிகம். 2020-ம் ஆண்டு டில்லி அரை மராத்தானில் எத்தியோப்பியாவின் ஆம்டேவொர்க் வாலலைன் 58 நிமிஷம் 53 விநாடியில் 21 கிலோ மீட்டர் ஓடினார். அதே பந்தயத்தில் பெண்கள் பிரிவில் யாலெம்ஸெர்ஃப் யெஹுவாலா 1 மணி 4 நிமிஷம் 46 விநாடியில் முடித்தார். சென்ட்ரலில் ரயிலைத் தவறவிட்டால் இவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஓடியே வந்தாலும், அத்திப்பட்டில் ரயிலுக்குப் பின்னால் அரை மணி நேரத்துக்குள் வந்து நிற்பார்கள்!

திருவொற்றியூர்ச் சுவர்

மராத்தானில் பாதித் தூரம் என்பது 21 கிலோ மீட்டரில் வருவதில்லை. 32-ல்தான் வருகிறது என்பார்கள் அனுபவசாலிகள்.

நம் தசைகளும் கல்லீரலும் சர்க்கரைச் சத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. ஓடுகிறவருக்கு அதுதான் எண்ணெய். ஏறக்குறைய 30 கிலோ மீட்டர் ஓடியதும் அந்தச் சேமிப்பு தீரத் தொடங்கும். அதன் பிறகு கால் இரும்பாகக் கனக்கும். கண் இருட்டும். மனசு "போதும்" என்று கெஞ்சும். ஓட்டக்காரர்கள் இதற்குச் 'சுவர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் ரயில் பாதைக் கணக்கில் பார்த்தால், அத்திப்பட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறவருக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் இந்தச் சுவர் எதிர்ப்படும். இன்னும் பத்து கிலோ மீட்டர் பாக்கி இருக்கும். மும்பைக்காரர்களுக்கு இதே நேரத்தில் பெடர் ரோடு மேடு வேறு வந்து வாய்க்கும். வெயிலும் அதற்குள் ஏறிவிடும்.

முன்னணி வீரர்கள் பலரும் அதுவரை கூட்டமாகவே ஓடி வருவார்கள். யார் வெல்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் ஒவ்வொருவராகக் கழன்று பின்தங்குவார்கள். மிஞ்சுகிற இரண்டு மூன்று பேருக்குள்தான் பந்தயமே!

இரவல் பூட்ஸ்

2020-ம் ஆண்டு மும்பையில் வென்றவர் எத்தியோப்பியாவின் டெராரா ஹூரிஸா. பந்தயத்துக்கு வந்த இடத்தில் அவருடைய பூட்ஸ் அவர் கைக்கு இல்லாமல் போய்விட்டது. சக வீரர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

புதுச் செருப்பு கடிக்கும் என்பது யாருக்குத் தெரியாது? கல்யாண வீட்டுக்கு இரவல் செருப்பில் போய்ப் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். ஹூரிஸா 42 கிலோ மீட்டர் ஓடினார். ஓடியது மட்டுமா? 2016-ல் கென்யாவின் கிடியோன் கிப்கேட்டர் ஏற்படுத்திய மும்பைச் சாதனையையும் 26 விநாடியில் முறியடித்தார்!

அந்த ஆண்டு முதல் பரிசு 45 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 32 லட்சம் ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. சாதனையை முறியடித்தால் மேலும் 15 ஆயிரம் டாலர்.

இரவல் பூட்ஸ் அவருக்கு வாழ்வு கொடுத்தது. ஆனால் சொந்த பூட்ஸ்?

அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் மராத்தான். ஹூரிஸா முதலாவதாக வந்து கோட்டைத் தொட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். சற்று நேரத்தில் அதிகாரிகள் அவர் பூட்ஸை அளந்து பார்த்தார்கள். அடிப்பாகத்தின் கனம் 4 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அவருடைய பூட்ஸில் 5 சென்டிமீட்டர் இருந்தது!

வெற்றி ரத்து. அவருக்கு 3 விநாடி பின்னால் வந்த கென்ய வீரர் லியோனார்ட் லங்காட்டுக்கு முதல் இடம் போய்விட்டது.

ஓடிய தூரம் 42 ஆயிரம் மீட்டர். தோற்றது ஒரு சென்டிமீட்டரில்!

கண் இமைக்கும் நேரம்

2017-ல் மும்பையில் வென்றவர் டான்சானியாவின் அல்போன்ஸ் சிம்பு. அவருடைய அதிர்ஷ்டம் வேறு விதம்.

2025-ம் ஆண்டு செப்டம்பரில் டோக்கியோவில் உலகச் சாம்பியன் போட்டி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டு, கடைசி நூறு மீட்டரில் சிம்புவும் ஜெர்மனியின் அமனால் பெட்ரோஸும் நூறு மீட்டர் பந்தயக்காரர்களைப் போலப் பறந்தார்கள். பெட்ரோஸ் கோட்டின் மேல் பாய்ந்து விழுந்தார். இருவருக்கும் ஒரே நேரம்: 2 மணி 9 நிமிஷம் 48 விநாடி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். சிம்பு 0.03 விநாடி முந்தியிருந்தார்.

கண் இமைக்கக் கூட அதைவிட அதிக நேரம் ஆகும்! உலகச் சாம்பியன் போட்டியில் டான்சானியாவுக்கு அதுவே முதல் தங்கம்.

'முயல்' ஜெயித்த கதை

பெரிய மராத்தான்களில் 'முயல்'கள் உண்டு. கூட்டத்தின் முன்னால் குறிப்பிட்ட வேகத்தில் ஓடிக் காற்றைத் தடுத்துக் கொடுப்பது இவர்கள் வேலை. கூலிக்கு வருகிறவர்கள். நம் கணக்கில் திரும்பும் வழியில் எண்ணூர் தாண்டியதும் ஒதுங்கிக்கொள்வார்கள். பிறர் வெற்றிக்காக வியர்வை சிந்துகிறவர்கள்.

2016 மும்பை மராத்தானில், ராணுவ வீரர் நிதேந்திர சிங் ராவத்துக்கு வேகம் பிடித்துக் கொடுக்க இன்னொரு ராணுவ வீரர் வந்தார். பெயர் தோனக்கல் கோபி. கேரளத்தின் வயநாட்டில் எளிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. தன் வேலை முடிந்ததும் அவர் ஒதுங்கவில்லை. "கால் இன்னும் ஓடுகிறதே, ஓடட்டும்" என்று நினைத்தாரோ என்னவோ, கடைசி வரை ஓடிவிட்டார்!

ராவத் 2 மணி 15 நிமிஷம் 48 விநாடியில் இந்தியர்களில் முதலாவதாக வந்தார். கோபி 2 மணி 16 நிமிஷம் 15 விநாடியில் இரண்டாவது. அந்த ஒரே ஓட்டத்தில் அவருக்கு ஒலிம்பிக் போட்டிக்குப் போகும் தகுதியும் கிடைத்துவிட்டது.

ரியோ ஒலிம்பிக்கில் கோபி 25-வதாக வந்தார். 2017 நவம்பரில் சீனாவின் டொங்குவானில் ஆசிய மராத்தான் சாம்பியன் பட்டத்தை வென்றார். இந்திய ஆண்களில் அந்தப் பட்டத்தை முதலில் பெற்றவர் அவர்தான். மற்றவருக்கு வழி காட்ட வந்தவர் ஆசியாவுக்கே முன்னால் ஓடினார்!

வெறுங்கால் வீரர்கள்

இந்தியர்களுக்கு இந்த ஓட்டம் புதிதல்ல. புனா டெக்கான் ஜிம்கானாவில் வெறுங்காலோடு ஓடிய கிராமத்து இளைஞர்களைப் பார்த்து சர் தோராப்ஜி டாட்டா வியந்துபோனார். அவருடைய முயற்சியால் 1920-ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்தியக் குழு போயிற்று. பெல்காமைச் சேர்ந்த படெப்பா சௌகுலே அங்கே மராத்தான் ஓடி 19-வதாக வந்தார்.

அடுத்து வந்த பெரிய வீரர் பீகாரின் சிவநாத் சிங். அவரும் ராணுவத்தில் இருந்தவர். பல பந்தயங்களை வெறுங்காலில் ஓடியவர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 11-வது இடம். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடினார்.

அதன் பிறகு நடந்ததுதான் யோசிக்க வேண்டிய விஷயம். நல்ல பூட்ஸ் வந்தது. நல்ல சாலை வந்தது. பயிற்சிக் கூடங்கள் வந்தன. சிவநாத் சிங்கின் அந்த நேரத்தை மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த இந்தியராலும் தொட முடியாமல் இருந்தது!

காரணம் என்ன? கென்யாவில் ஈட்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊட்டியை விட உயரம். அங்கே விடியற்காலையில் நூற்றுக்கணக்கான பேர் கூட்டம் கூட்டமாக ஓடுவார்கள். எதிர் வீட்டுக்காரர் ஓடிச் சம்பாதித்து வீடு கட்டியிருப்பார், மாடு வாங்கியிருப்பார். அதைப் பார்க்கிற பையனுக்கு ஓட்டம் ஒரு தொழில் என்பதைத் தனியாக யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நெசவாளர் தெருவில் பிறந்த பிள்ளைக்குத் தறிச் சத்தம் பழகுவது போல அது பழகிவிடும்.

நம் நாட்டில் நெடுந்தூரம் ஓடியவர்களில் பலர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். மாதச் சம்பளமும் வயிறாரச் சாப்பாடும் கொடுத்து ஓடவும் விட்ட இடம் அதுதான்.

புதுக்கோட்டைப் பிள்ளைகள்

தமிழ்நாட்டில் இதற்கு ஓர் ஊர் வழி காட்டியது. புதுக்கோட்டையை அடுத்த கவிநாடு. அங்கே லோகநாதன் என்ற பயிற்சியாளர் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஓடப் பழக்கினார்.

அவரிடம் பயின்ற லட்சுமணன் 2017-ல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5 ஆயிரம் மீட்டர், 10 ஆயிரம் மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே ஆண்டு டில்லி அரை மராத்தானில் சூர்யா 1 மணி 10 நிமிஷம் 31 விநாடியில் இந்தியப் பெண்களில் முதலாவதாக வந்தார். அந்தப் பந்தயத்தில் அதுவரை எந்த இந்தியப் பெண்ணும் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை.

லட்சுமணனுக்கும் ஒரு சென்டிமீட்டர் கதை உண்டு. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10 ஆயிரம் மீட்டர் ஓடி மூன்றாவதாக வந்தார். வெண்கலப் பதக்கம் கிடைத்துவிட்டது என்று தமிழ்நாடே மகிழ்ந்தது. ஓடும்போது உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார் என்று நடுவர்கள் கண்டுபிடித்தார்கள். பதக்கம் போய்விட்டது. ஓர் அடி பிசகியதற்கு அவ்வளவு பெரிய விலை!

நம் சென்னையில்...

சென்னையிலும் ஆண்டு தோறும் மராத்தான் நடக்கிறது. 2012 முதல் 'சென்னை ரன்னர்ஸ்' என்ற ஓட்டக்காரர் சங்கம் நடத்தி வருகிறது. விடியுமுன்பே நேப்பியர் பாலத்தருகே புறப்பட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஓடுகிறார்கள். சுவர் எதிர்ப்படுகிற அந்த 20 மைலுக்கே தனியாக ஒரு பந்தயம் வைத்திருப்பது சென்னையின் விசேஷம்.

இது பெரும்பாலும் ஊர் ஜனங்களின் ஓட்டம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உலக வீரர்களை வரவழைக்கும் பெரிய பந்தயங்கள் மும்பையில் நடக்கின்றன. டில்லியில் அரை மராத்தானாகவும், பெங்களூரில் 10 கிலோ மீட்டராகவும், கொல்கத்தாவில் 25 கிலோ மீட்டராகவும் நடக்கின்றன. புதுக்கோட்டைப் பெண் டில்லிக்குப் போய்த்தான் தன் பலத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

சென்னையில் வெயிலும் புழுக்கமும் அதிகம் என்பது உண்மை. மும்பையில் மட்டும் பனியா கொட்டுகிறது?

ஏழு நிமிஷம்

போலீஸ் வேலைக்குத் தேர்வு என்றால் தமிழ்நாட்டு ஊர்களில் விடியற்காலைச் சாலைகளைப் பார்க்க வேண்டும். வாலிபர்கள் இருட்டில் எழுந்து ஓடுவார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். தாய் எழுந்து வாசல் தெளிப்பதற்குள் பிள்ளை ஓடி முடித்துவிட்டு வியர்க்க வியர்க்க வந்து நிற்பான்.

அந்த ஏழு நிமிஷத்துக்காக அவன் மாதக் கணக்கில் பாடுபடுகிறான். ஏன்? ஓடினால் வேலை கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். வேலை கிடைத்ததும், அல்லது கிடைக்காமல் வயது தாண்டியதும், ஓட்டம் நின்றுவிடுகிறது.

மும்பையில் முன்னால் ஓடுகிறவர் அதே 1,500 மீட்டரை நாலரை நிமிஷத்தில் கடக்கிறார். அப்படி 28 தடவை! அவரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கிராமத்தில், பிழைக்க வழி தேடி, இருட்டில் எழுந்து ஓடிய பையன்தான். அவனுக்கு ஏழு நிமிஷத்துக்கு அப்பாலும் வழி இருக்கிறது என்று யாரோ காட்டியிருக்கிறார்கள்.

அத்திப்பட்டுச் சாலைகளில் நிலக்கரி லாரிகள் ஓடுகின்றன. தூசிக்குப் பஞ்சமில்லை. அந்த ஊரிலும் நாளைக் காலை ஒரு பையன் ஓடக் கிளம்பினால், பக்கத்தில் மின்சார ரயில் போகும். சிறிது தூரம் அதோடு போட்டி போட்டுப் பார்ப்பான். ரயில் முந்திவிடும்.

எவ்வளவு தூரம் கூடவே போனான் என்று அளந்து பார்க்க ஓர் ஆள் இருந்தால் போதும்!